அமெரிக்க எல்லைப்புறக் கோட்டைகள்ல வாழ்ந்த பட்டாளத்து மனைவிங்க – இதைப் பத்தி யாராவது படிச்சிருக்கீங்களா?

கரிசல்வாசகி:

கவ்பாய் படங்கள்ல கோட்டைன்னு ஒண்ணு வரும்ல, சுத்தி மரக்கட்டை வேலி, நடுவுல கொடி, பிகில் ஊதினதும் குதிரைப்படை கெளம்பிப் போகும், வராண்டால ஒரு பொண்ணு நீள கவுன் போட்டுட்டு நின்னு பாத்துட்டு இருக்கும், கேமரா உடனே குதிரைங்க பின்னாடி போயிரும். அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரி என்னத்த சமைச்சா, யார்கிட்ட பேசினா, புருஷன் திரும்பி வரலன்னா எங்க போவா, இதெல்லாம் எந்தப் படமும் சொன்னதில்ல. கொஞ்ச நாளா இதைத்தான் தேடித்தேடிப் படிக்கிறேன், யார்கிட்டயாவது பேசியே ஆகணும் போல இருக்கு, அதான் இந்த இழை.

நான் பேசுறது 1865ல உள்நாட்டுப் போர் முடிஞ்சதுக்கு அப்புறம் ஒரு இருபத்தஞ்சு வருஷம். கான்சஸ், டக்கோட்டா, வயோமிங், டெக்சாஸ், அரிசோனான்னு சின்னச் சின்னக் கோட்டையா போட்டு, பூர்வகுடி மக்களை அவங்க நிலத்துல இருந்து தள்ளிட்டே போன காலம்.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது என்னன்னா, ராணுவ விதிகள்ல குதிரைக்கு எவ்வளவு தீனி, சிப்பாய்க்கு எவ்வளவு ரொட்டி எல்லாம் எழுதியிருக்கு, ஆனா ஆபீசரோட மனைவின்னு ஒரு ஆளே அதுல கிடையாது. பட்டாளம் போற எடத்துக்கெல்லாம் பின்னாடியே போற கூட்டம் இருக்கும்ல, வியாபாரி, வேலைக்காரங்கன்னு, அந்தக் கணக்குலதான் இவங்களும். தளபதி நெனச்சா வெளிய போகச் சொல்லலாம், கேக்க ஆள் கிடையாது. ஆனா சிப்பாய்ங்க துணி துவைக்கிற பெண்களுக்கு சட்டத்துலயே இடம் இருந்துச்சு! 1802 சட்டப்படி ஒரு கம்பெனிக்கு 4 பேர் வரைக்கும் வச்சுக்கலாம், தினம் ஒரு ரேஷன், தங்க இடம், ராணுவ டாக்டர்கிட்ட வைத்தியம். துவைக்கிற கூலியை கோட்டை நிர்வாகமே நிர்ணயம் பண்ணும். கர்னல் பொண்டாட்டிக்கு இல்லாத உரிமை துவைக்கிற அம்மாவுக்கு இருந்துச்சு.

வீட்டு விஷயம் இன்னும் மோசம். லெப்டினன்ட்டுக்கு ஒரு ரூம், ஒரு கிச்சன், அவ்ளோதான் கணக்கு. கல்யாணம் ஆகியிருக்கா, கைக்குழந்தை இருக்கான்னெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க. புதுசா ஒரு கேப்டன் வந்து எறங்கினா கோட்டையில எந்த வீடு வேணுமோ கைகாட்டலாம், தனக்குக் கீழ ரேங்க்ல இருக்கவன் அன்னைக்கே காலி பண்ணணும், அவன் போயி தனக்குக் கீழ இருக்கவனைக் காலி பண்ணுவான், இப்படி ஒருத்தர் வந்தா வரிசையா எல்லா வீட்லயும் பொட்டி படுக்கையைத் தூக்கணும், கடைசில இருக்க ஜூனியர் லெப்டினன்ட் பொண்டாட்டி கூடாரத்துக்குப் போகணும். செங்கல் சரியுதுன்னு அவங்களுக்குள்ள சொல்லிப்பாங்களாம். அப்பதான் திரைச்சீலை தச்சு மாட்டியிருப்பா, ராணுவக் கம்பளியை ஒட்டுப்போட்டு தரைக்கு விரிச்சிருப்பா, சாமான் வந்த மரப்பெட்டியை மேஜையாக்கி மேல துணி போட்டிருப்பா, எல்லாத்தையும் விட்டுட்டு நடையைக் கட்டணும்.

உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க, நீளமா எழுதுனாலும் நான் படிப்பேன்.

டெக்சாஸ்முருகு:

நல்ல இழை. நான் டல்லாஸ்ல இருக்கேன், இங்கருந்து மேற்கால ஒரு நாலு மணி நேரம் ஓட்டினா சான் ஏஞ்சலோன்னு ஊரு, அங்க கான்சோ கோட்டையை மியூசியமா அப்படியே வச்சிருக்காங்க. ஆபீசர் வீட்டு வரிசை ஒரு பக்கம், சிப்பாய் பாரக்ஸ் எதிர்ப்பக்கம், நடுவுல பெரிய மைதானம். மைதானத்துல நின்னா எந்த வீட்ல யாரு வராண்டால இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும், ஒரு சண்டை போடக்கூட மறைவு இல்லாத எடம்.

அங்க 10வது குதிரைப்படையோட கர்னல் பெஞ்சமின் கிரியர்சன் குடும்பம் இருந்துச்சு. 10வது குதிரைப்படைன்னா கறுப்பினச் சிப்பாய்கள் படை. அவர் மனைவி ஆலிஸ் எழுதின கடிதங்கள் நெறைய கிடைச்சிருக்கு. மொத்தம் 7 பிள்ளைங்க பெத்தாங்க, அதுல ரெண்டு கைக்குழந்தையாவே போயிருச்சு. எடித்னு ஒரு பொண்ணு, 13 வயசு, 1878 செப்டம்பர்ல டைபாய்டு வந்து அந்த வீட்லயே எறந்துபோச்சு. மாடிக்கு ஏறிப் போனப்போ எனக்கு தொண்டை அடைச்சிருச்சு, என் பொண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு.

இன்னொரு விஷயமும் சொல்லணும். ஓயாம கர்ப்பமா இருந்து இருந்து உடம்பும் மனசும் விட்டுப்போச்சுன்னு ஆலிஸ் புருஷனுக்கு வெளிப்படையா எழுதியிருக்காங்க, 1871ல. அந்தக் காலத்துல ஒரு கர்னல் மனைவி இதை பேனா எடுத்து எழுதணும்னா எவ்வளவு வலி இருந்திருக்கணும். கிரியர்சன் 1866ல கர்னல் ஆனவர், ஜெனரல் ப்ரமோஷன் வந்தது 1890ல. ஆலிஸ் 1888லயே போய்ச் சேந்துட்டாங்க.

சும்மாகேட்டேன்:

ஒரு டவுட்டு. இவ்ளோ கஷ்டம்னா ஏன் போனாங்க? ஊர்ல அம்மா வீட்ல இருந்துருக்கலாமே, பசங்க படிப்பாவது நல்லா இருந்திருக்கும். கட்டாயம் எதுவும் இல்லையே?

ரெஜிமென்ட்ரேவதி:

@சும்மாகேட்டேன் தம்பி, என் வீட்டுக்காரர் நம்ம ஆர்மிலதான் இருந்தார், இந்தக் கேள்வியை என்கிட்ட கேக்காத சொந்தக்காரங்களே கிடையாது. கல்யாணம் பண்ணிட்டு வருஷத்துல ஒரு மாச லீவுக்கு காத்துட்டு இருக்கறதுதான் வாழ்க்கையான்னு தோணும், போனா கஷ்டம் போகலன்னா அதைவிட கஷ்டம், அவ்வளவுதான் பதில். அந்தக் காலத்துல அங்க ஒரு எடத்துல மூணு நாலு வருஷம் போட்டா போட்டதுதான். ரெண்டு எடத்துல குடும்பம் நடத்தற அளவுக்கு சம்பளமும் இல்ல. 1877ல பார்லிமென்ட், அதாவது அவங்க காங்கிரஸ், ராணுவத்துக்குப் பணம் ஒதுக்காமலே கலைஞ்சு போயிருச்சு, ஜூலைல இருந்து நவம்பர் வரைக்கும் மொத்த ராணுவத்துக்கும் சம்பளமே வரல, ஆபீசருங்க வட்டிக்கு வாங்கி குடும்பம் ஓட்டியிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, கடைன்னா கோட்டைல ஒரே கடை, அவன் வச்சதுதான் விலை.

நான் இதுல ரொம்ப நேசிக்கிற ஆள் மார்த்தா சம்மர்ஹேஸ், தன் கோட்டை வாழ்க்கையை புத்தகமா எழுதினவங்க. நான்டக்கெட் தீவுக்காரங்க, கல்யாணத்துக்கு முன்னாடி ஜெர்மனில இருந்தப்போ அங்க பட்டாளத்து ஆபீசர் வீட்டு விருந்து, பளபளன்னு யூனிஃபார்ம், இதெல்லாம் பாத்து ராணுவ வாழ்க்கைன்னா இப்படித்தான்னு நெனச்சவங்க. 1874ல 8வது காலாட்படை லெப்டினன்ட் ஜாக்கைக் கட்டிக்கிட்டு அதே வருஷம் அரிசோனா. போற வழியைக் கேளுங்க: சான் ஃபிரான்சிஸ்கோல கப்பல் ஏறி, கலிஃபோர்னியா தீபகற்பத்தை முழுசா சுத்தி, கொலராடோ ஆறு கடல்ல கலக்குற எடத்துல ஆத்து ஸ்டீமருக்கு மாறி, மணல்ல தட்டித் தட்டி மொஹாவி கோட்டை வரைக்கும் போயி, அதுக்கப்புறம் கோவேறு கழுதை வண்டில பாலைவனமும் மலையும் தாண்டி அப்பாச்சி முகாம்னு பேர் வச்ச ராணுவ முகாம். ஆகஸ்ட்ல கெளம்பினவங்க போய்ச் சேந்தது அக்டோபர்ல. லெப்டினன்ட்டுக்கு 1000 பவுண்டு சாமான்தான் அனுமதி, அதுலதான் குடும்பமே.

போன கொஞ்ச மாசத்துல, 1875 ஜனவரில, அந்த முகாம்ல பிரசவம். உதவிக்கு தாயும் இல்ல சகோதரியும் இல்ல, அனுபவம் இல்லாத ராணுவ டாக்டர், வெளிய பனி. கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பக்கத்து அப்பாச்சி பூர்வகுடித் தலைவர்களோட மனைவிங்க சில பேர் குழந்தையைப் பாக்க வந்தாங்க. கையோட ஒரு தொட்டில் கொண்டு வந்தாங்க, அவங்க பிள்ளைகளைக் கட்டி முதுகுல தூக்கிட்டுப் போறதுக்குச் செய்வாங்கள்ல, மரச்சட்டத்துல மான்தோல் போட்டு, தலைக்கு மேல வளைச்ச கூரையோட, அது. குழந்தையை வாங்கி அதுல படுக்கவச்சு இறுக்கிக் கட்டி ஆட்டினதும் அது அப்படியே தூங்கிருச்சு. மொழி தெரியாது, இவங்க புருஷங்களும் அவங்க புருஷங்களும் ஒருத்தரை ஒருத்தர் சுடத் தயாரா இருந்த காலம் அது.

கரிசல்வாசகி:

ரேவதிக்கா, எஹ்ரென்பெர்க் பத்தியும் சொல்லுங்களேன், அந்த பாகம் படிச்சுட்டு எனக்கு அவங்க மேல தனி பாசம் வந்துருச்சு.

ரெஜிமென்ட்ரேவதி:

ஆமா அது சொல்லணும். எஹ்ரென்பெர்க் கொலராடோ ஆத்தங்கரைல இருக்க ஒரு சின்ன ஊரு. ஸ்டீமர்ல மொதல்ல அதைக் கடந்து போனப்பவே இவ்ளோ பாழான எடத்தை பாத்ததில்லன்னு நெனச்சாங்க, பின்னாடி புருஷனை அங்கயே போட்டாங்க! வீட்டுக்குள்ள படுக்க முடியாத வெயில், ராத்திரி எல்லாரும் வெளிய கட்டில் போட்டுத்தான் தூக்கம், மண்பானைல தண்ணி ஊத்தி நிழல்ல தொங்கவிட்டு அதான் ஜில்லுத் தண்ணி. அக்கம்பக்கத்து மெக்சிகன் பெண்கள் லேசான காட்டன் மேல்சட்டை, கழுத்தும் கையும் காத்தாட, ஒரு பாவாடை, அவ்ளோதான், சுகமா இருப்பாங்க. இவங்க கழுத்து வரைக்கும் மூடி, முழுக்கை வச்ச வெள்ளை கவுன்ல வெந்துட்டு இருப்பாங்க. நானும் அப்படியே உடுத்திக்கிறேன், அவங்களை மாதிரியே ஆட்டுப்பால் எளிய சாப்பாடுன்னு இருந்துடறேன்னு ஆசைப்பட்டு புருஷன்கிட்ட கேட்டா ஜாக் ஒத்துக்கல, ஆபீசர் மனைவி அப்படி இருக்கக்கூடாதாம். வெளிப்படையா இதை எழுதி வச்சாங்க பாருங்க, சாகுற வரைக்கும் அந்த வெயிலும் அந்த உடையும் அவங்களுக்கு மறக்கல. என் மாமியார் காலத்து கண்டோன்மென்ட் பார்ட்டிக்கு என்ன கட்டணும் என்ன கட்டக்கூடாதுன்னு நடந்த கதையெல்லாம் ஞாபகம் வந்துச்சு எனக்கு.

யாழ்க்குயில்:

எல்லாரும் நல்லா எழுதுறியள், வாசிக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மனசுக்குள்ள ஒண்டு உறுத்திக்கொண்டே இருக்கு, அதைச் சொல்லாமல் போகேலாது. அந்தக் கோட்டையள் ஆற்றை நிலத்தில நிண்டது? இராணுவ முகாம் வந்ததால வீடு வளவை விட்டு எழும்பிப் போன சனத்தில நானும் ஒருத்தி, அதால எனக்கு இந்தக் கதையை வராண்டாப் பக்கத்தில இருந்து மட்டும் பாக்க முடியேல்லை.

1868 நவம்பர் 27, வாஷிட்டா ஆத்தங்கரையில பிளாக் கெட்டில் எண்ட செயென் பூர்வகுடித் தலைவற்றை கிராமம், விடியக்காலமை, பனி. கஸ்டர் எண்ட தளபதியின்ரை 7வது குதிரைப்படை நித்திரையில கிடந்த சனத்துக்கு மேல விழுந்தது. பிளாக் கெட்டிலும் மனுசியும் செத்துப்போச்சினம். 53 பெண்களையும் பிள்ளையளையும் சிறைப்பிடிச்சு நடு மாரியில கொண்டுபோய் கான்சஸில ஹேய்ஸ் கோட்டையில வேலி அடைச்சு வைச்சிருந்தவை. கஸ்டரின்ரை மனுசி லிபி அங்கை போய் அந்தச் சனத்தைப் பாத்து எழுதியும் இருக்கிறா. ஒரு பக்கம் அவவும் புருசனுக்காகக் காத்திருந்தவ, மற்றப் பக்கம் அந்த வேலிக்குள்ளை இருந்தவையும் யாரோ ஒராளின்ரை மனுசிமார், தாய்மார். அவையின்ரை கடிதங்கள் எங்கை?

அந்தத் தொட்டில் கதையில அப்பாச்சிப் பெண்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக் கட்டினது எனக்கு விளங்குது, பிள்ளை எண்டால் ஆரும் தூக்குவினம். ஆனால் அவையின்ரை பேர் ஒண்டும் அந்தப் புத்தகத்தில இல்லை.

பழையபேப்பர்:

யாழ்க்குயில் சொல்றது நூத்துக்கு நூறு சரி, அதை ஒதுக்கி வச்சுட்டு இந்த விஷயத்தைப் பேசக்கூடாது. அதுக்கு சரியான உதாரணம் ஃபில் கீர்னி கோட்டை. கொஞ்சம் பெருசா எழுதறேன்.

மொன்டானால தங்கம் கிடைச்சதும் அதுக்குப் போக போஸ்மன் பாதைன்னு ஒண்ணு போட்டாங்க, அது நேரா லக்கோட்டா மக்களோட வேட்டை நிலத்துக்குள்ள போகுது. அந்தப் பாதையைக் காக்க 1866ல கர்னல் ஹென்றி கேரிங்டன் அந்தக் கோட்டையைக் கட்டினார். கட்டக்கூடாதுன்னு லக்கோட்டா தலைவர் ரெட் கிளவுட் மொகத்துக்கு நேரா எச்சரிச்சும் கட்டினாங்க. பெண்களையும் குழந்தைங்களையும் கூடவே கூட்டிட்டுப் போனாங்க, பெரிய சண்டை வராதுங்கற நெனப்புல.

அங்க செப்டம்பர்ல வந்து சேர்றாங்க ஃபிரான்சிஸ் கிரமண்ட், டென்னசிக்காரப் பொண்ணு, புருஷன் லெப்டினன்ட் ஜார்ஜ் கிரமண்ட், வயித்துல குழந்தை. கோட்டை வாசல்ல இவங்க வண்டியை நிறுத்தி வைக்கிறாங்க, எதுக்குன்னா உள்ள போறதுக்கு முன்னாடி இன்னொரு வண்டி போகணும், அதுல விறகு வெட்டப் போய்த் தாக்கப்பட்டு செத்தவனோட உடம்பு. அதைப் பாத்துட்டுத்தான் உள்ள நுழையறாங்க. தங்க வீடு இல்ல, கூடாரம். ராத்திரி பனி உள்ள வந்து படுக்கையில மொகத்து மேலயே விழுந்திருக்கு.

டிசம்பர் 21. விறகு வண்டிக்கு ஆபத்துன்னு கேப்டன் ஃபெட்டர்மன் தலைமைல ஒரு படை கெளம்புது, கிரமண்டும் அதுல. மேட்டைத் தாண்டிப் போனாங்க. துப்பாக்கிச் சத்தம் கோட்டைக்குக் கேக்குது, அப்புறம் கேக்கல. 81 பேர், ஒருத்தர் திரும்பல. பெண்கள் எல்லாம் ஒரே வீட்டுல கூடி உக்காந்திருந்தாங்க, தளபதி மனைவி மார்கரெட் கேரிங்டன் ஃபிரான்சிஸைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. மறுநாள் மிச்ச உடம்புகளை எடுத்துட்டு வர கேரிங்டனே கெளம்பினார். கெளம்பறதுக்கு முன்னாடி ரகசியமா ஒரு உத்தரவு கொடுத்தார்: கோட்டை விழுந்துடும்னு ஆச்சுன்னா பெண்களையும் குழந்தைகளையும் வெடிமருந்துக் கிடங்குக்குள்ள வச்சு வெடிச்சிடணும், யாரும் உயிரோட கைல சிக்கக்கூடாது. அந்தப் பெண்களோட சாவை அவங்களைக் கேக்காமலே முடிவு பண்ணியாச்சு. கரிசல்வாசகி மொதல் பதிவுல எழுதினீங்களே, விதிகள்ல இவங்களுக்கு எடமே இல்லன்னு, எனக்கு அது உண்மையா உறைச்ச எடம் இதுதான்.

கேரிங்டன் திரும்பி வந்து ஃபிரான்சிஸ் கைல ஒரு உறையைக் கொடுத்தார், உள்ள புருஷனோட தலைமுடி கொஞ்சம். அதே நேரத்துல உதவி கேட்டு போர்த்துகீ ஃபிலிப்ஸ்னு ஒருத்தர் பனிப்புயல்ல 236 மைல் தாண்டி லாரமி கோட்டைக்குப் போனார், கிறிஸ்மஸ் ராத்திரி, அங்க ஆபீசருங்களும் மனைவிகளும் நடனமாடிட்டு இருந்த ஹாலுக்குள்ள போய் விஷயத்தைச் சொன்னார்னு சொல்வாங்க.

ஜனவரில கேரிங்டனை மாத்தியாச்சு, உடனே கெளம்பணும். வண்டிகளைச் சுத்திப் பலகை அடிச்சு, உள்ள தகரத்துல சின்ன அடுப்பு வச்சு, தெர்மாமீட்டர்ல பாதரசம் உறையற குளிர்ல குழந்தைகளோட பயணம். ஃபிரான்சிஸ் ஏழு மாசமோ என்னவோ கர்ப்பம், அவங்க கூடவே வேற வண்டில புருஷனோட சவப்பெட்டி. டென்னசி வரைக்கும் கொண்டு போய்ப் புதைச்சாங்க.

பின்கதையும் உண்டு. மார்கரெட் 1868ல அந்தக் கோட்டை வாழ்க்கையை ஒரு புத்தகமா எழுதினாங்க, 1870ல எறந்துட்டாங்க. 1871ல கேரிங்டனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டது யாருன்னா இதே ஃபிரான்சிஸ். அவங்களும் 1910ல தன் பங்குக்கு ஒரு புத்தகம் எழுதினாங்க. கோட்டை என்ன ஆச்சுன்னா, 1868ல பூர்வகுடி மக்களோட லாரமி ஒப்பந்தம் போட்டு ராணுவம் அதைக் காலி பண்ணிட்டுப் போனதும் செயென் ஆளுங்க மொத்தத்தையும் கொளுத்திட்டாங்க.

சும்மாகேட்டேன்:

வெடிமருந்துக் கிடங்கு விஷயம் படிச்சு கை நடுங்கிருச்சு சார்.

அமலி:

நான் ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்யுற ஆளு, இதுக்காக லாகின் பண்ணேன். ஆபீசர் மனைவிங்க பத்தியே பேசிட்டு இருக்கோம், ஏன்னா புத்தகம் எழுதினது அவங்கதான். துவைச்ச பெண்கள் எங்க? அவங்க குடியிருப்புக்கு சோப்புநுரைத் தெருன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வச்சிருந்தாங்க, கோட்டையோட ஓரத்துல, ஆத்துப் பக்கம், பழைய குடிசையோ கிழிஞ்ச கூடாரமோ. எங்க அம்மாச்சி ஆஸ்பத்திரி லாண்டரில வேலை பாத்தவங்க, சோடால வெடிச்சுப் போன அவங்க கை எனக்குத் தெரியும், அதனாலதான் கேக்குறேன்.

இந்தப் பெண்கள்ல பெரும்பாலானவங்க சிப்பாய் மனைவிங்க. ஐரிஷ், ஜெர்மன்னு பிழைக்க வந்த குடும்பங்கள், தெற்குப் பக்கம் மெக்சிகன் பெண்கள், கறுப்பினப் படைகள் இருந்த எடத்துல கறுப்பினப் பெண்கள். சிப்பாய்க்கு மாசம் 13 டாலர், அதுல குடும்பம் ஓடாது, பொண்டாட்டி துவைச்சாத்தான் அடுப்பு எரியும். ஆத்துல தண்ணி மொண்டு, விறகு வச்சுக் கொதிக்க விட்டு, பலகைல தேய்ச்சு, குளிர்காலத்துல கொடில துணி கட்டையா உறைஞ்சு நிக்கும். அதோட ஆபீசர் வீட்டு பிரசவத்துக்கும் இவங்களைத்தான் கூப்பிடுவாங்க, டாக்டரை விட இவங்களுக்குத்தான் பிரசவம் தெரியும்.

அந்த சட்டப்படி இடம்னு கரிசல்வாசகி சொன்னீங்கள்ல, அதையும் 1878ல பிடுங்கிட்டாங்க. இனிமே துவைக்கிறவங்களைப் பட்டாளத்தோட சேக்கக்கூடாதுன்னு காங்கிரஸ் சட்டம், ஏற்கனவே இருக்கவங்க புருஷனோட சர்வீஸ் கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் இருந்துக்கலாம். ரேஷன் போச்சு, உரிமை போச்சு, வேலை மட்டும் போகல. துணி அழுக்காகறது சட்டத்தால நிக்குமா?

டெக்சாஸ்முருகு:

அமலி, அருமையா சொன்னீங்க. கறுப்பினப் படைகள் பத்தி ஒரு வரி சேத்துக்கறேன். 9வது 10வது குதிரைப்படை, 24வது 25வது காலாட்படை, இந்த நாலுலயும் நெறைய பேர் அடிமையா பொறந்தவங்க. அடிமையா இருந்தப்போ நடந்த கல்யாணத்துக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அதனால விதவை பென்ஷன் கேட்டுப் போனா நான்தான் மனைவின்னு நிரூபிக்கவே பக்கத்து வீட்டுக்காரங்க, பழைய சிப்பாய்ங்கன்னு சாட்சி கூட்டிட்டு வரணும். அந்த வாக்குமூலமெல்லாம் ஃபைல்ல இன்னும் இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களோட பேச்சு வேற எங்கயும் கிடைக்கலன்னா அங்கதான் கிடைக்குது, கீழ கையெழுத்து எடத்துல ஒரு பெருக்கல் குறியோட.

கரிசல்வாசகி:

அமலி, நீங்க கேட்டதுக்கு என்கிட்ட ஒரு சின்னப் பதில் இருக்கு. டக்கோட்டால லிங்கன் கோட்டைல மிசஸ் நாஷ்னு ஒரு மெக்சிகன் அம்மா, 7வது குதிரைப்படையோட எடம் எடமா போய் துவைச்சவங்க. நல்லா சமைப்பாங்க, தையல் தெரியும், கோட்டைல பிரசவம்னா மொதல்ல இவங்க பேரைத்தான் சொல்வாங்க. 1878ல உடம்பு முடியாம எறந்துபோறாங்க, புருஷன் நூனன்னு ஒரு கார்ப்பொரல், அவர் ரோந்து போயிருந்த சமயம். செத்தா அப்படியே துணியோட பொதைச்சிடுங்கன்னு கேட்டிருக்காங்க, ஆனா மத்த பெண்கள் மரியாதை பண்றோம்னு குளிப்பாட்டப் போனாங்க, அப்பதான் உடல் ஆணுடல்னு தெரிஞ்சது. நம்ம ஊர்ல திருநங்கைன்னு சொல்லிருப்போம். அத்தனை குழந்தைங்களை கையில ஏந்தினவங்களை செத்தப்புறம் பத்திரிகைல கேலிப்பொருளாக்கினாங்க, புருஷனை விடாம நக்கலடிச்சு அவர் கொஞ்ச நாள்லயே தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். எனக்கு அந்தக் கோட்டைல ரொம்ப கோவம் வர்ற விஷயம் இதுதான், 1876ல கஸ்டர் செத்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டை எல்லாம் எனக்கு இதுக்கு அடுத்தபடிதான்.

சும்மாகேட்டேன்:

லிட்டில் பிக்ஹார்ன்னு சொல்லிட்டு விட்டுட்டீங்களே, அந்த லிபி கஸ்டர் பத்தி யாராவது எழுதுங்க.

பழையபேப்பர்:

சரி. 1876 மே 17, 7வது குதிரைப்படை லிங்கன் கோட்டைல இருந்து கெளம்புது. லிபி அன்னைக்குக் காலைல புருஷன் பக்கத்துல குதிரைல போனவங்க, மொத நாள் முகாம் வரைக்கும் கூடவே. அவங்க எழுதினதுல அந்த அணிவகுப்பு எந்தெந்த வீட்டைக் கடந்து போச்சுன்னு வருது, இந்த இழைல நாம பேசின எல்லாரும் அதுல இருக்காங்க. மொதல்ல அரிக்கரா இனத்துக்காரங்க குடியிருப்பு, அவங்க ஆளுங்க ராணுவத்துக்கு வழிகாட்டிகளாப் போறாங்க, பெண்கள் தலையைக் குனிஞ்சு தரைல உக்காந்து ஒப்பாரி வைக்கிறாங்க. அடுத்து துவைக்கிற பெண்கள் தெரு, கண்ணுல தண்ணி வழிய கைக்குழந்தையை நீட்டிப் பிடிச்சு அப்பாவுக்குக் காட்டறாங்க, ஓடற வயசுப் பிள்ளைங்க குச்சில கைக்குட்டையைக் கொடியாக் கட்டி, தகர டப்பாவைத் தட்டிட்டு தாங்களும் ஒரு படையா வரிசையாப் போகுதுங்க. அதுக்கு அப்புறம்தான் ஆபீசருங்க வீடு. அங்க வாசல்ல நின்ன பெண்கள் பாண்டு சத்தம் கேட்டதும் உள்ள போயிட்டாங்க, தாங்க முடியல.

ஜூன் 25ல சண்டை. கஸ்டர் கூட நேராப் போன ஐந்து கம்பெனிகள்ல ஒருத்தரும் மிஞ்சல. லக்கோட்டாவும் செயெனும் தங்க குடும்பங்க இருந்த முகாமைக் காத்துக்கிட்டாங்க, அதையும் சொல்லணும், ஆத்தங்கரைல இருந்தது அவங்க மனைவி மக்கள். செய்தி ஃபார் வெஸ்ட்ங்கற ஸ்டீமர்ல காயம்பட்டவங்களோட 700 மைலுக்கு மேல வந்து ஜூலை 5 ராத்திரி கோட்டைக்குப் பக்கத்து ஊரான பிஸ்மார்க்கை சேந்தது. மறுநாள் விடிகாலை கோட்டைல மிச்சம் இருந்த ஆபீசர்களும் டாக்டரும் லிபி வீட்டுக் கதவைத் தட்டினாங்க. ஜூலை வெயில்ல, சேதி கேட்டதும் குளிருதுன்னு போர்வை கொண்டுவரச் சொல்லியிருக்காங்க. அப்புறம் அவங்களும் கூடவே கெளம்பிப் போனாங்க, மத்த பெண்கள்கிட்ட சொல்ல, ஏன்னா அவங்கதான் கமாண்டர் மனைவி, அது அவங்க கடமைன்னு நெனச்சாங்க. கஸ்டரோட தங்கை மார்கரெட் கால்ஹூன் அதே வீட்டுல இருந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரே நாள்ல புருஷன், மூணு அண்ணன் தம்பி, அக்கா மகன், அஞ்சு பேரும் போயிட்டாங்க.

கோட்டை வீடுங்கறது ஆபீசருக்குத்தான், அவர் இல்லன்னா குடும்பத்துக்கு அங்க எடம் கிடையாது. அதே மாசக் கடைசிக்குள்ள லிபி அந்த வீட்டை விட்டுக் கெளம்பிட்டாங்க. பென்ஷன் மாசம் 30 டாலர், அது லெப்டினன்ட் கர்னல் விதவைக்கு. சிப்பாய் விதவைக்கு 8 டாலர், குழந்தைக்கு 2. நியூயார்க் போய் கைவேலை செய்யற பெண்களுக்கு உதவற ஒரு சங்கத்துல செயலாளர் வேலை பாத்தாங்க, புத்தகம் எழுதினாங்க, மேடைல பேசினாங்க. 1933 வரைக்கும் இருந்தாங்க, 57 வருஷம் விதவையா, மறுமணம் பண்ணல.

யாழ்க்குயில்:

அந்த 57 வருசமும் அவ என்ன செய்தவ எண்டதையும் கதைக்கத்தானே வேணும். புருசனை ஒரு வீரனா நிப்பாட்டுறதுக்கு ஒரு ஆயுசையே குடுத்தவ. அவ உயிரோட இருக்கும் வரைக்கும் கஸ்டரைக் குறை சொல்ல வேணுமெண்டு நினைச்ச கன ஆபீசர்மார் வாய் திறக்கேல்லை, ஒரு விதவையின்ரை மனசை நோகடிக்கக்கூடாது எண்டு. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில கஸ்டருக்கு வைச்ச சிலை தனக்குப் பிடிக்கேல்லை எண்டு சொல்லி அதையே எடுப்பிச்சவ! அவவின்ரை அன்பில எனக்கு சந்தேகமில்லை. ஆனா அந்த அன்பாலதான் வாஷிட்டாவில செத்த சனம் எத்தினையோ வருசமாக் கதைக்கு வெளியில நிண்டது.

ரெஜிமென்ட்ரேவதி:

யாழ்க்குயில், நீங்க சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சேத்துச் சொல்றேன். புருஷன் போனதும் வீடு போச்சு, வருமானம் போச்சு, அடையாளம்னு மிச்சம் இருந்தது அவர் பேரு மட்டும்தான், அதைப் பிடிச்சுத்தான் அந்தப் பொம்பளை 34 வயசுல இருந்து பிழைச்சுது. அவர் தப்பு பண்ணினார்னு ஊரு முடிவு பண்ணியிருந்தா இவங்க புத்தகத்தை யாரு வாங்குவாங்க. எனக்கு அவங்களைக் கொண்டாடவும் தோணல, திட்டவும் வாய் வரல. சிப்பாய் விதவைக்கு 8 டாலர்னு பழையபேப்பர் சொன்னாரே, அந்தப் பொண்ணுங்களுக்கு எந்தப் புத்தகமும் கை கொடுக்கல, அமலி சொன்ன மாதிரி அவங்க கதைதான் எனக்கு இப்ப வேணும்.

அமலி:

அக்கா, அதுக்குத்தான் முருகு அண்ணா சொன்ன பென்ஷன் ஃபைலும், 1870, 1880 மக்கள்தொகைக் கணக்கும். கோட்டைக்குள்ள இருந்தவங்களையும் எண்ணியிருக்காங்க. பேரு, வயசு, எங்க பொறந்தாங்க, தொழில், எல்லாம் எழுதியிருக்கு, தொழில் எடத்துல துவைக்கிறவங்கன்னு. ஆபீசர் மனைவிகளுக்கு அதே எடத்துல வீட்டுல இருக்காங்கன்னு போட்டிருக்கு. ஸ்கேன் பண்ணின பக்கங்கள் ஆன்லைன்ல பாக்கலாம். கான்சோ கோட்டைப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கப் போறேன், கையெழுத்து கிறுக்கலா இருக்கு, படிக்க ரெண்டு பேர் கூட வந்தா நல்லா இருக்கும்.

டெக்சாஸ்முருகு:

நான் வரேன். அடுத்த மாசம் சான் ஏஞ்சலோ பக்கம் வேலை இருக்கு, மியூசியத்துல லைப்ரரி இருக்கு, சோப்புநுரைத் தெரு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கேட்டு மேப் கிடைச்சா போட்டோ எடுத்து இங்க போடறேன். யாழ்க்குயில், செயென், லக்கோட்டா பெண்கள் சொன்ன வாய்மொழிக் கதைகள் பத்தி நீங்க தனி இழை ஆரம்பிங்க, பஃபலோ காஃப் ரோட் உமன் கதையில இருந்து, 1876 ஜூன்ல ரோஸ்பட் சண்டையில குதிரைல பாஞ்சு போய் தன் அண்ணனைத் தூக்கிட்டு வந்த பொண்ணு, அந்தக் கதையை நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்.

யாழ்க்குயில்:

எழுதுறன். அந்தச் சண்டைக்குச் செயென் சனம் வைச்ச பேரே தங்கச்சி அண்ணனைக் காப்பாத்தின இடம் எண்டதுதான். நாளைக்கு ஆரம்பிக்கிறன்.